ரெண்டு பக்கமும் வெந்த பேட்டி

சாவி மாமா எதையும் திறப்பதற்கு முன் தட்டுவார். பூட்டிக் கிடக்கும் வீடு, வீட்டுக்காரரே பக்கத்தில் நின்று "உள்ள யாருமே இல்லீங்க, சாவிதான் உள்ள மாட்டிக்கிச்சு" என்று கெஞ்சும் வீடு, எதுவானாலும் சரி. கருவிப் பையைக் கீழே வைப்பார், நடுவிரலை மடக்கி இரண்டு தட்டு தட்டுவார், மனதுக்குள் ஐந்து எண்ணுவார், பிறகுதான் கம்பியைக் கையில் எடுப்பார். தொழில் மரியாதை என்று அதை விட்டுவிடலாம். ஆனால் அலமாரியைத் திறக்கும்போதும் தட்டுவார். அடுப்பில் இருக்கும் சட்டியின் மூடியைத் தூக்குவதற்கு முன்பும் கரண்டிக் காம்பால் டொக், டொக்.

எதிர்வீட்டுப் பெண் இதைப் பார்த்தே வளர்ந்தவள். ஆறு வயதில் ஏன் என்று கேட்டாள். "உள்ள கறி துணி மாத்திக்கிட்டு இருக்கும்மா. திடீர்னு திறந்தா கூச்சப்படாதா?" என்றார். கொஞ்சம் வளர்ந்து மறுபடி கேட்டபோது, "பழக்கம்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். அவள் கல்லூரியில் சேர்ந்த வருடம் கேட்டதற்கு, "பெரிய படிப்பு படிக்கிறே, நீயே கண்டுபிடியேன்" என்று சிரித்தார். அவள் படித்து முடித்துப் பட்டமும் வாங்கிவிட்டாள். அதை மட்டும் கண்டுபிடிக்கவில்லை.

பேருந்து நிலையத்தின் திருப்பத்தில் அவருடைய கடை. ஒருவர் நிற்கவும் இன்னொருவர் எட்டிப் பார்க்கவும் இடம் போதும். சுவர் முழுக்க வெட்டாத சாவிகள். மேலே ஒரு பலகை, அதில் 'சாவி' என்ற ஒரே சொல். முப்பத்துமூன்று வருடமாக அந்த வட்டாரத்தில் யார் சாவியைத் தொலைத்தாலும் அங்கேதான் ஓடிவருவார்கள். ஊர்ப் பூட்டையெல்லாம் திறப்பவர், தன்னைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

அதைவிட வேடிக்கை, அவர் வீட்டுக் கதவுக்குப் பூட்டு கிடையாது. பூட்டு இருந்த இடத்தில் உருண்டையாக ஓர் ஓட்டை, அதில் ஒரு தக்கை. வெளியே போகும்போது மாட்ட ஒரு தொங்குபூட்டு, உள்ளே இருக்கும்போது போட ஒரு தாழ்ப்பாள். இரண்டும் தற்காலிகமாகப் போட்டவை. அந்தத் தற்காலிகத்துக்கு முப்பத்தொரு வயதாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சமையல் புகை போக அவர் தக்கையைப் பிடுங்கி வைப்பார். அந்த ஓட்டை வழியாகத்தான் மாட்டிறைச்சியும் காளானும் வெண்ணெயும் ஒன்றாக வதங்கும் மணம் நடைக்கு வந்து, எதிர்வீட்டுக் கதவிடுக்கில் நுழையும். தட்டையாகத் தட்டிச் சிவக்க வறுத்து, காளான் குழம்பில் மூழ்கவிட்ட அந்தக் கறிக்கு அவர் வீட்டில் பேர், பேட்டி. அவருக்குச் சொல்லிக்கொடுத்த சமையல்காரர் அந்த ஆங்கிலப் பேரை அப்படித்தான் சொன்னாராம். அதனால் அந்த நடையில் எல்லாருக்கும் அது பேட்டிதான்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பேர், டிகிரி. தேர்வு முடிவு வந்த அன்று அவள் அம்மா ஒவ்வொரு கதவாகத் தட்டி, "டிகிரி வந்துடுச்சு, எங்க வீட்டுக்கு டிகிரி வந்துடுச்சு" என்று கூவிக்கொண்டு ஓடியதில் ஒட்டிக்கொண்ட பேர். அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் அந்தப் படியை மிதித்ததில்லை. "என்னம்மா டிகிரி, சாப்ட்டியா?" என்று மாமா கேட்கும்போது, அதில் பாசம் எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று அவளால் ஒருநாளும் பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை.

டிகிரி இப்போது ஒரு வாரப் பத்திரிகையில் மூன்று மாதச் சோதனைப் பணியில் இருந்தாள். சோதனை வரும் திங்களோடு முடிகிறது. ஒரு சாதாரண மனிதரின் வேலையையும் வாழ்க்கையையும் பற்றி வாரம் ஒரு பேட்டி வரும் பக்கத்தை அவளிடம் கொடுத்துப் பார்த்தார் ஆசிரியை. தையல்காரர் ஒருவரைப் பேட்டி எடுத்தாள், எடுபடவில்லை. தபால்காரரை எடுத்தாள், அதுவும் எடுபடவில்லை. ஆசிரியை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கேள்வி இருக்கு, பதிலும் இருக்கு. ஆளைத்தான் காணோம். திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு ஒண்ணு கொண்டு வா, சூடா, ரெண்டு பக்கம். அதையும் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார். அந்த முடிவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது குரலிலேயே தெரிந்தது. வேலை நிலைக்காவிட்டால் மறுபடியும் பார்சல் கிடங்கில் முகவரி ஒட்ட வேண்டியதுதான்.

அவளிடம் இருபத்துநான்கு கேள்விகள் இருந்தன. எல்லாம் நல்ல கேள்விகள், பாடத்தில் படித்தவை. ஆனால் எங்கேயோ இடித்தது. அவள் அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருடமாகப் போர்வை மடிக்கிறவள். இத்தனை வருடத்தில் அவளிடம் மற்றவர்கள் கேட்டது இரண்டே கேள்விகள்: எத்தனை, எப்ப முடியும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவளுக்கு ஒரு மனிதரை உட்கார வைத்து வாழ்க்கையைப் பற்றிக் கேட்க எங்கிருந்து வரும்? இல்லை, இதெல்லாம் வேலை செய்யத் தெரியாதவள் சொல்லும் சாக்கா? எது என்று அவளுக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் கருவிப் பையோடு ஏறி வந்த மாமாவைப் பார்த்ததும் ஏதோ ஒரு தைரியத்தில் கேட்டுவிட்டாள்.

"மாமா, எனக்கு ஒரு பேட்டி வேணும்."

மாமா முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்கா இப்படித் தயங்கி நிக்கிறே? ஒண்ணு போதுமா?"

"ஒண்ணு போதும் மாமா. ஆனா கொஞ்சம் பெரிசா வேணும். ரெண்டு பக்கம் வரணும்."

"ரெண்டு பக்கமும் வராம எப்படி? ஒரு பக்கத்தோட விட்டு நான் என்னைக்காவது குடுத்திருக்கேனா?"

இவர் இதற்கு முன்னாலும் பேட்டி கொடுத்திருக்கிறாரா, யாரும் சொல்லவே இல்லையே என்று அவளுக்கு ஆச்சரியம்.

"எங்க மேடம் சூடா வேணும்னு சொல்லியிருக்காங்க மாமா."

"ஆறிப் போனது யாருக்கு வேணும்? ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்துடு. உங்க மேடத்துக்கும் சேர்த்தே பண்ணிடலாம்."

"அவங்களுக்காகத்தான் மாமா. அவங்களுக்குப் பிடிச்சாத்தான் எனக்கு வேலை நிலைக்கும்."

மாமா படியிலேயே நின்றுவிட்டார். "என்னது? பேட்டி நல்லா இருந்தா வேலையா?"

"ஆமா மாமா."

"அடேயப்பா! இப்படியும் ஒரு ஆபீஸா?" பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். முகத்தில் பொறுப்பு ஏறிவிட்டது. "கவலைப்படாதே. இந்தத் தடவை வெண்ணெய் கொஞ்சம் கூடவே போட்டுடறேன்."

அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு அவளும் சிரித்துவைத்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் அவளுக்கும் நாக்கில் எச்சில்தான் ஊறியிருக்கும். அந்தப் பத்திரிகை ஆபீசில் உட்கார்ந்து உட்கார்ந்து, பேட்டி என்றால் கேள்வியும் பதிலும் என்று ஆகிவிட்டது. அது அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நோட்டோடும் போனோடும் போய் நின்றாள். கதவுத் தக்கை ஏற்கெனவே பிடுங்கப்பட்டிருந்தது. மாமா தோளில் துண்டோடு சமையலறையில் இருந்தார். வாசலிலேயே போனில் பதிவைப் போட்டு, அதைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜ் மேல் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

"வாம்மா டிகிரி. இந்தா வெங்காயம்."

வேலை செய்துகொண்டே பேசினால் ஆள் இயல்பாகப் பேசுவார் என்று எங்கேயோ படித்த ஞாபகம். சந்தோஷமாகக் கத்தியை வாங்கிக்கொண்டாள்.

"மாமா, நீங்க முதல் முதல்ல திறந்த பூட்டு எது?"

"கண்ணைத் தொட்டுடாதே, வெங்காயம் உரிச்ச கை."

இரண்டாவது கேள்விக்கு, "ரொட்டி பால்ல ஊறிடுச்சா பாரு" என்று பதில் வந்தது. மூன்றாவதைக் கேட்பதற்குள் காளான் கூடையை அவள் முன்னால் தள்ளினார். "கழுவக் கூடாது, ஈரத் துணியால துடைக்கணும். தண்ணி குடிச்ச காளான் வறுபடாது, சும்மா வேகும்." அவள் ஒவ்வொரு காளானாகத் துடைத்தாள், குழந்தைக்கு மூக்கு துடைப்பதுபோல. நோட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை.

கொத்துக்கறியில் துருவிய வெங்காயம், பாலில் ஊறிய ரொட்டி, ஒரு முட்டை, உப்பு, மிளகு. மாமா விரல் நுனியால் சேர்த்தார். "பிசையாதே, சேர்த்தாப் போதும். கோபமா பிசைஞ்சா கறியும் கோபமா ஆயிடும், பல்லுக்கு வசப்படாது." உள்ளங்கை அளவுக்குத் தட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் கட்டைவிரலால் ஒரு குழி. குழி இல்லாவிட்டால் நடு உப்பிக்கொண்டு பந்தாகிவிடுமாம், குழம்பும் மேலே தங்காமல் வழுக்கி ஓடிவிடுமாம்.

அடுப்பில் ஏறியது ஒரு விசித்திரமான இரும்புச் சட்டி. அதன் பிடி கதவின் பித்தளைக் கைப்பிடி. சின்ன வயதிலிருந்தே அவள் பார்க்கும் சட்டிதான். கதவைத் திறப்பதுபோல அவர் அதைப் பிடித்து ஆட்டுவார். எண்ணெய் காய்ந்து நான்கு பேட்டி உள்ளே இறங்கியதும் சமையலறை முழுக்கச் சத்தம். ஒரு நிமிடம் கழித்து அவள் தட்டைக் கரண்டியை நீட்டினாள். மாமா குறுக்கே கையை வைத்து மறித்தார்.

"விடு, விடு. இன்னும் சட்டியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. சிவந்ததும் தானா விடும். பூட்டும் இதே ஜாதிதான். ஒரு ஆள் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தான், அவங்க அப்பாவோட பெட்டி. அப்பா போய்ட்டாரு, சாவியைக் காணோம். உள்ள என்னமோ இருக்குன்னு அண்ணன் தம்பிங்க மூணு பேரும் கூடவே வந்து நிக்கிறாங்க, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு. உளியால அடிச்சு, நெம்பி, பூட்டு முகமே போயிருந்துச்சு. நான் மத்தியானம் வரைக்கும் மெல்ல மெல்ல உருட்டி உருட்டித் திறந்தேன். உள்ள என்ன இருந்துச்சு தெரியுமா?"

"என்ன மாமா?"

"அதே பெட்டியோட மாத்துச்சாவி."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நான்காவது கேள்வியை எடுத்தாள், "அப்ப உங்க தொழில்ல நீங்க சந்திச்ச சவால்கள்..." ஆனால் மாமா பேட்டியைத் திருப்பிப் போடத் தொடங்கிவிட்டார். இரண்டு பக்கமும் செங்கல் நிறத்துக்குச் சிவந்ததும் எல்லாவற்றையும் தட்டில் எடுத்துவைத்து, அதே சட்டியில் வெண்ணெயும் காளானும் போட்டார். காளான் முதலில் தண்ணீர் விட்டது, பிறகு தண்ணீரை வற்றவிட்டு நுனி சிவந்து பொன்னாயிற்று. பேட்டி யாரிடம் கற்றது என்ற கதை அப்போதுதான் வந்தது. நூற்றைம்பது பேர் சாப்பிடும் ஒரு கேன்டீனில் உறைபெட்டிச் சாவி தொலைந்துபோனதாம்.

"கறியெல்லாம் உள்ள, நூத்தம்பது பேர் வெளிய. சமையல்காரர் அழுதுட்டாரு. நான் திறந்துவிட்டேன். அன்னைக்கு எனக்குன்னு தனியா இதைப் பண்ணிப் போட்டாரு. ஒரு வாய் வெச்சேன், அவ்வளவுதான். பூட்டு சரியா இருக்கான்னு பார்க்கணும்னு சொல்லி மறுநாளும் போனேன்."

"சரியா இருந்துச்சா?"

"பூட்டுக்கு என்ன கேடு? அது நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு அடுத்த நாளும் போனேன். அவர் எப்படிப் பண்றாருன்னு பார்க்க வேண்டாமா?" ஒரு கரண்டி மாவைத் தூவி வறுத்து, சூடான எலும்புச் சாறு ஊற்றி, சட்டியின் அடியில் ஒட்டியிருந்த கருஞ்சிவப்பையெல்லாம் சுரண்டிவிட்டார். "ருசி முழுக்க அடியிலதான் இருக்கு. இதைக் கழுவி ஊத்துறவனைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும்."

கொதி வந்ததும் பேட்டிகளை உள்ளே இறக்கினார். நான்காவதற்கு இடம் போதவில்லை.

"உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு!" என்று வாசலில் ஒரு குரல். காலைப் பணி முடித்து மாமாவின் மனைவி, அத்தை, வந்துவிட்டாள். அத்தை பேருந்து நடத்துனர். சீருடையோடும் தோல்பையோடும் சமையலறைக்குள் வந்து, மாமா கையிலிருந்து கரண்டியை வாங்கி, பேட்டிகளை நெருக்கித் தள்ளி நான்காவதை உள்ளே ஏற்றினாள். "முன்னாடி நகருங்கன்னா நகர மாட்டாங்க. என்னம்மா டிகிரி, உன்னையும் வேலை வாங்குறாரா இவரு?"

"நானாத்தான் வந்தேன் அத்தை. மாமா பேட்டி தர்றேன்னாரு."

"தருவாரு, தருவாரு. ஒண்ணு கேட்டா நாலு தருவாரு."

மூடி போட்டுப் பத்து நிமிடம். மாமா கரண்டிக் காம்பால் மூடியை இரண்டு தட்டு தட்டி, ஐந்து எண்ணித் திறந்தார். ஆவி போனதும் குழம்பு பளபளவென்று தெரிந்தது. ஒவ்வொரு பேட்டியின் குழியிலும் ஒரு சின்னக் குளம். ஒரு மூடி போட்ட டப்பாவை எடுத்து, மூன்று பேட்டியைப் பதமாக அடுக்கி, காளானை அள்ளி மேலே போட்டு, அழுத்தி மூடி, அவள் கையில் வைத்தார்.

"இந்தா உன் பேட்டி. ஒண்ணுதான் கேட்டே, மூணா வெச்சிருக்கேன். ரெண்டு பக்கமும் அருமையா வந்திருக்கு. உங்க மேடம்கிட்ட சொல்லு, ஆறிப்போனா லேசா சுட வெச்சுக்கச் சொல்லு. வேலை போடலேன்னா நான் வந்து கேக்கிறேன்."

அவள் டப்பாவைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். படியில் நின்று பேசியது ஒவ்வொரு வரியாக ஞாபகம் வந்தது. ரெண்டு பக்கம். சூடா. வெண்ணெய்.

"மாமா... நான் கேட்டது இந்தப் பேட்டி இல்ல."

"வேற எந்தப் பேட்டி? கோழியா?"

"இல்ல மாமா. பத்திரிகைப் பேட்டி. நான் கேக்கணும், நீங்க சொல்லணும், அது அச்சுல வரணும்."

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பில் தோல்பையில் இருந்த சில்லறையெல்லாம் குலுங்கியது. "ஐயோ... ரெண்டு நாளா மனுஷன் தூங்கல. அந்தப் பொண்ணு வேலை என் கையில இருக்குன்னு கறிக்கடையில மூணு தடவை கறியை மாத்தி வாங்கினாரு!"

மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கை இரண்டையும் துண்டில் துடைத்துக்கொண்டு பின்வாங்கினார். "பேட்டி குடுக்க நான் என்ன மந்திரியா? பூட்டுக்காரன்கிட்ட என்ன இருக்கு? நான் பேசல. தப்பா நினைச்சுக்காதே, எனக்கு அதெல்லாம் வராது."

"ஒரு பத்து நிமிஷம் மாமா..."

"வராதும்மா."

அவள் மேலும் கெஞ்சவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு மூன்று பேட்டியோடு போய் ஆசிரியை முன்னால் நிற்கும் காட்சி கண்ணில் வந்தது. சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அப்போதுதான் அத்தை ஃப்ரிட்ஜ் மேல் எட்டிப் பார்த்தாள்.

"இதென்ன, உன் போன்ல நம்பர் ஓடிக்கிட்டே இருக்கு?"

ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடம். வாம்மா டிகிரி என்பதிலிருந்து எல்லாமே. அவள் பதிவை நிறுத்தி, எங்கேயோ நடுவில் போட்டாள். வறுபடும் சத்தத்துக்கு மேலே மாமாவின் குரல், அப்பாவின் பெட்டிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. மாமா காதைத் தீட்டிக் கேட்டார். "இது யாரு, இவ்வளவு பேசுறான்?"

"இதைத்தான் முப்பத்தொரு வருஷமா நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள் அத்தை.

மூன்று பேரும் நின்றபடியே கொஞ்ச நேரம் கேட்டார்கள். இருபத்துநான்கு கேள்விகளில் ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை. ஆனால் ஆள் இருந்தார். தையல்காரரும் தபால்காரரும்கூட இப்படித்தான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்திருப்பார்களோ, தான் அடுத்த கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்தோமோ என்று டிகிரிக்குச் சுருக்கென்றது. நோட்டை மூடினாள். பட்டியலில் இல்லாத ஒன்றை, ஆறு வயதில் கேட்டதை, மறுபடியும் கேட்டாள்.

"மாமா, ஏன் தட்டுறீங்க?"

"குழம்பு ஆறுது, சாப்பிடலாம் வாங்க."

"நான்தான் குழம்பிப் போயிருக்கேன். சொல்லுங்க மாமா."

"அவரு சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன்" என்று அத்தை மிச்சமிருந்த ஒரு பேட்டியை மூன்றாக வெட்டினாள். "நான் நடத்துனர் வேலைல சேர்ந்த புதுசு. இதே வீடு, தனியா இருந்தேன். வெளியூர் வண்டியில ஒரு வாரம் போட்டுட்டாங்க. ஆளையே காணோம், காலி பண்ணிட்டு ஓடிட்டான்னு வீட்டுக்காரர் நினைச்சு, பூட்டைத் திறக்க ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தாரு. நான் அன்னைக்குக் காலைலதான் வந்து, உள்ள அசந்து தூங்கிட்டு இருக்கேன். இந்த வீரர் தட்டல, கூப்பிடல. வேகத்தைக் காட்டுறாராம், ரெண்டே நிமிஷத்துல பூட்டை உடைச்சுக்கிட்டு உள்ள வந்து நிக்கிறாரு. நான் முழிச்சேன், கையில கிடைச்சதை வீசினேன்."

"எதை அத்தை?"

அத்தை அடுப்பைக் காட்டினாள். "அந்தச் சட்டியை. நல்ல வேளை, நிலையில பட்டுச்சு. பிடி உடைஞ்சு போச்சு. 'அடுத்த தடவை தட்டிட்டு வாடா'ன்னு கத்தினேன். 'நாளைக்கே புதுப் பூட்டு மாட்டிடறேங்க'ன்னுட்டு ஓடினாரு. மறுநாள் வந்தாரு. ரெண்டு தட்டு. நான் அசையல. ஒண்ணு ரெண்டு மூணுன்னு வெளிய நின்னு எண்ணுறாரு, எனக்குக் கேக்குது. பூட்டு எங்கேன்னா, அளவு எடுக்க வந்தேங்கிறாரு. அதுக்கு மறுநாள் சட்டிக்குப் பிடி. அப்புறம், அந்த அளவுல பூட்டு கிடைக்கலையாம். அதைச் சொல்றதுக்குன்னே நாலு தடவை வந்தாரு. ஒரு ஞாயித்துக்கிழமை தட்டுற சத்தம். திறந்தா கையில கறியும் காளானும். 'பூட்டு இல்லீங்க, பேட்டி இருக்கு'ன்னாரு." அத்தை விரலை நக்கிக்கொண்டாள். "கடைசி வரைக்கும் பூட்டு வரல. ஆள்தான் வந்தாரு."

மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

"எல்லாத்தையும் எழுதிக்கோ" என்றார் கடைசியில். "உன் வேலைக்கு ஆகும்னா எழுதிக்கோ. அந்தப் பூட்டு விஷயத்தை மட்டும் விட்டுடு. சொந்தக் கதவுக்குப் பூட்டு மாட்டாதவன்கிட்ட யார் சாவி வெட்ட வருவா?"

"அதை விட்டுட்டு எழுதினா நான் பஸ்ல ஏறுறவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவேன்" என்றாள் அத்தை.

மாமா யோசித்தார். "உங்க பத்திரிகை எப்ப வரும்?"

"வியாழக்கிழமை மாமா."

"சரி, எழுதிக்கோ. அதுக்குள்ள மாட்டிடறேன். அப்புறம் நீ எழுதினது பொய்யாயிடும்ல?" என்று ஜெயித்த முகத்தோடு சட்டியில் ஒட்டியிருந்த குழம்பை ரொட்டியால் வழித்தார்.

"போயும் போயும் எதிர்வீட்டுல வெங்காயம் உரிக்கவா இவ்வளவு படிச்சே?" என்று அன்று மத்தியானம் மகளின் கையை மோந்து பார்த்து அம்மா கேட்டாள். அவள் எழுத உட்கார்ந்தாள். கேள்வி ஒன்றையும் எழுதவில்லை. வெங்காயத்தில் தொடங்கி, மாமா சொன்னதைச் சொன்னபடியே வைத்துக்கொண்டு போனாள். நடுவில் ஒருமுறை நிறுத்தி, "அம்மா, போர்வை மடிக்கும்போது என்ன நினைச்சுக்குவே?" என்று கேட்டாள். அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "என்னத்த நினைக்கிறது? நாலு மூலையும் சேருதான்னு பார்ப்பேன்" என்றாள். பிறகு, யாரும் கேட்காமலேயே, இன்னும் கொஞ்சம் சொன்னாள். டிகிரி அதைத் தனித் தாளில் குறித்து வைத்துக்கொண்டாள்.

திங்கள் காலை பத்து மணிக்கு ஆசிரியை நின்றுகொண்டு முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்துக்கு உட்கார்ந்தார். முடித்ததும், "ஆள் வந்துட்டாரு" என்றார். பிறகு மேஜையில் இருந்த டப்பாவைப் பார்த்து, "இது என்ன?"

"அதுவும் பேட்டிதான் மேடம்."

ஆபீஸ் தேநீர் அடுப்பில் சுடவைத்து, ஆளுக்கு ஒரு வாய் என்று அது ஆறு பேருக்குப் போனது. ஆசிரியை காளான் ஒட்டிய விரலோடு கடைசி வரியைக் காட்டினார். "'முப்பத்தொரு வருடங்களுக்கு முன் நாளைக்கே மாட்டுவதாகச் சொன்ன பூட்டு இன்னும் மாட்டப்படவில்லை.' இது உண்மைதானே? அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி விசாரிச்சுடு. உன் முதல் பேட்டியிலயே தப்பு வரக் கூடாது." முதல் பேட்டி என்றார். சோதனை முடிந்தது என்பதை அவர் சொன்ன விதம் அதுதான்.

புதன் சாயங்காலம் அச்சுக்குப் போகும் நேரத்தில் டிகிரி அத்தைக்குப் போன் போட்டாள். பின்னால் பேருந்தின் உறுமல்.

"ஏறுங்க, ஏறுங்க, படியில நிக்காதீங்க... யாரு? டிகிரியா? என்னம்மா?"

"அத்தை, மாமா பூட்டு மாட்டிட்டாரா?"

"கடையில இருந்து பூட்டு கொண்டு வந்தாரும்மா, நல்ல பூட்டு. கதவுகிட்ட வெச்சுப் பார்த்தாரு."

"அப்புறம்?"

"அளவு சரியா இல்லையாம். திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாரு. ரைட், போலாம்!"

வரி அப்படியே போயிற்று. வியாழக்கிழமை அந்தப் பக்கத்தை மாமா கடைச் சுவரில் சாவிகளுக்கு நடுவே ஒட்டினார், கடைசி வரி மட்டும் மறையும்படி ஒரு சாவிக்கொத்தைத் தொங்கவிட்டு. வருகிறவர்களெல்லாம் கொத்தைத் தூக்கிவிட்டுப் படிக்கிறார்கள். கூட்டம் குறையவில்லை.

பூட்டு மாட்டப்படும் வாரத்தில் ஒரு திருத்தம் போட வேண்டும் என்று ஆசிரியை சொல்லிவைத்திருக்கிறார். டிகிரி அதை அன்றைக்கே எழுதி மேஜை இழுப்பறையில் வைத்தாள். நான்கே வரி. புதன்கிழமைதோறும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது எதிர்க்கதவை ஒரு பார்வை பார்ப்பாள். உருண்டை ஓட்டை, அதில் தக்கை, பக்கத்தில் தற்காலிகமான தொங்குபூட்டு. திருத்தத்தை வெளியே எடுக்க இதுவரை வேலை வரவில்லை.